மெஷின் நின்றபோது அடித்த பன்னிரண்டு மணி

ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இந்தச் சாட்சி முதலில் உங்களுக்குத்தான். அலுக்காதவர்கள் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வருடம் தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று செல்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் நிதானமான பெண். அன்றும் அப்படித்தான் தெரிந்திருப்பேன். உள்ளே எல்லாவற்றின் மேலும் எரிச்சல். அவள் அம்மாவின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே ராகத்தில் சொன்ன அந்தக் குரலின் மேல் எரிச்சல். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொன்னவர்கள் மேல் எரிச்சல். கடவுள் மேலும்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெனிட்டா. எங்கள் வீடு மண்ணரையில். டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு டி-ஷர்ட்டுக்குக் கழுத்து தைக்க எத்தனை நொடி, கை வைக்க எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சோடு நின்று அளப்பது என் வேலை. அளந்த பிறகு யாருக்கு எந்த வேலை கொடுத்தால் லைன் தடையில்லாமல் ஓடும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அது நியாயம்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான் படித்தது கன்னியர்கள் நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். அந்தப் பள்ளியைப் பற்றிய என் புகார்களை எழுத இந்தப் பத்திரிகை போதாது. ரிப்பன் அவிழ்ந்தால் ஒரு திட்டு, அவிழாமல் இருக்க இறுக்கிக் கட்டித் தலைவலி வந்தால் "ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்று ஒரு உபதேசம். வராந்தாவில் ஓடக் கூடாது; ஆனால் மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழையவும் கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று நான் எட்டாம் வகுப்பில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

எல்லாவற்றையும் விட என்னைப் படுத்தியது பன்னிரண்டு மணி.

எங்கள் பள்ளியில் பகல் பன்னிரண்டுக்கு மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும். மின்சார மணி இல்லை, கயிறு கட்டி இழுக்கிற பழைய வெண்கல மணி. எப்போதோ விரிசல் விட்டது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கரகரவென்று ஒரு வால் நீளும். அது கேட்டதும் யார் எங்கே இருந்தாலும் செய்வதை நிறுத்தி எழுந்து நிற்க வேண்டும். கணக்குப் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். கூட்டுகிற ஆயாவும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நிற்பார். இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் யாரையும் செபம் சொல்லச் சொல்ல மாட்டார்கள், நின்றால் போதும். ஆனால் நின்றே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் லேபில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தண்டனை. லேப் ஜன்னலிலிருந்து மாதா சுரூபம் இருக்கும் கல்குகை, அந்தக் கெபி, தெரியாது. ஆகவே வெளியே வந்து வராந்தாவில், கெபியைப் பார்த்து நிற்க வேண்டும். லேபுக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் எல்லோரும் வெறுங்கால். வராந்தா சிமெண்ட் உச்சிவெயிலில் தோசைக்கல் மாதிரி இருக்கும். செபம் முடிவதற்குள் வரிசை முழுக்க நாங்கள் கால் மாற்றிக் கால் மாற்றிக் கொக்கு மாதிரி நிற்போம். ஏன் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று தலைமையாசிரியை சிஸ்டர் பெனடிக்டாவிடம் கேட்டேன். "போட்டுக் கழட்டறதுக்குள்ள செபம் முடிஞ்சிரும் ஜெனிட்டா" என்றார். அவர் கணித ஆசிரியை. அவரிடம் வாதாட முடியாது.

இனி செல்வி.

எங்கள் காம்பவுண்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். அடுத்த வீட்டில் செல்வியும் அவள் அம்மா பாண்டியம்மாவும் இருந்தார்கள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா இல்லை. பாண்டியம்மாவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூலை வெட்டுவது. செல்வி பத்தாம் வகுப்பு முடித்ததும் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன், அதுவும் அக்கா படித்த பள்ளியில்தான் படிப்பேன் என்றாள். சேர்க்கை முடிந்திருந்தது. நான் போய் சிஸ்டர் பெனடிக்டாவின் அறை வாசலில் நின்றேன். நிறைய யோசித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"சேர்த்துக்கறேன். ஆனா பொறுப்பு நீதான்."

பொறுப்பு கொடுப்பதில் அவர் தாராளம். கூடவே, சனிக்கிழமை காலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேபில் செய்முறை சொல்லித் தரவும் என்னை இழுத்துவிட்டார்.

செல்வி வாயாடி. சிஸ்டர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். என்னைப் போலவும் பேசிக் காட்டுவாளாம். எனக்கு மட்டும் காட்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை லேபின் நடுவில் பன்னிரண்டு மணி அடித்தால் வரிசையில் ஆடாமல் நிற்பவள் அவள் ஒருத்திதான். அவளுக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். வலது பாதத்தின் மேல் இடது பாதத்தை ஏற்றி வைத்துக்கொள்வாள். சுட்டால் ஒரு கால் மட்டும்தானே சுடும், மாற்றி மாற்றி இரண்டையும் ஏன் சுட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவள் வாதம். உதட்டை அசைத்து முழுச் செபமும் சொல்வாள். உனக்குக் கட்டாயம் இல்லையே என்றேன். "நிக்கறது நிக்கறோம், சும்மா எதுக்குக்கா நிக்கணும்" என்றாள்.

அவள்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போனவள், திரும்பி வரவில்லை.

திருப்பூரில் தீபாவளிக்கு ஊரே காலியாகும். பிறகு பஸ் பஸ்ஸாகத் திரும்பி வருவார்கள். சில குடும்பங்கள் வராது. அல்லது வந்து வேறு பக்கம் வீடு பிடித்துக்கொள்ளும். பாண்டியம்மா வீட்டுச் சாமான்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் தம்பி ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் போய்விட்டாராம்; எங்கே என்று காம்பவுண்டில் யாரும் கேட்டு வைக்கவில்லை. திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நீல ரிப்பன் மட்டும் ஆணியில் தொங்கியது.

நான் தேட ஆரம்பித்தேன். வேலையில் பழகிய மாதிரிதான் தேடினேன். தெரிந்தது எது, தெரியாதது எது, யாருக்குத் தெரிந்திருக்கும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தேன். ஊரில் விசாரித்ததில், அவர்கள் திருப்பூருக்கே திரும்பிவிட்டார்கள் என்றார்கள். திருப்பூரில் எங்கே? தெரியாது. பழைய கம்பெனியில் கேட்டேன். பாண்டியம்மா நின்றுவிட்டார் என்றார்கள். வகுப்புத் தோழிகள் யாருக்கும் அவள் எண் இல்லை, அவளிடம் போனே இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு பகுதியாகப் போய் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேட்டேன். தேனிப் பக்கத்து அம்மா, பொண்ணு, பன்னிரண்டாவது படிக்கிறது என்றால், அப்படி நூறு பேர் இருக்காங்களே என்றார்கள். எல்லா வரிசையும் முடிந்துவிட்டது. அவள் கிடைக்கவில்லை.

சிஸ்டர் பெனடிக்டாவிடம் போனேன்.

"அரையாண்டுப் பரீட்சைக்கு வந்துட்டான்னா பேரைத் தக்க வெச்சுக்கலாம். அதுக்கு மேல வருகைப் பதிவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. இந்த வருஷம் எழுத முடியாம போயிரும்" என்றார்.

"அதுக்குள்ள எப்படி சிஸ்டர் கண்டுபிடிக்கறது?"

"ஜெபம் பண்ணு."

அவ்வளவுதான். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசல் வரை பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

வீட்டில் அம்மா இன்னொரு பக்கம். அம்மாவுக்குக் காணாமல் போனது எதுவானாலும் அந்தோணியார்தான். சாவிக்கும் அவர்தான், மூக்குத்தித் திருகாணிக்கும் அவர்தான். "செவ்வாக்கெழம கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்கு வந்து வேண்டிக்க கண்ணு, கெடச்சிரும்" என்றார். திருகாணியும் செல்வியும் ஒன்றாம்மா என்று கேட்டேன். "தேடறவருக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

பிரியமானவர்களே, அந்த வாரங்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. செபமாலை எடுத்தால் இரண்டாவது மணியிலேயே மனம் கேள்வி கேட்கப் போய்விடும். கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற காலம் வந்தது. கோயிலில் ஊதா மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் வருகிறார், காத்திருங்கள் என்றார்கள். எத்தனை நாள்தான் காத்திருப்பது என்று இருந்தது.

அப்போதுதான் ஒரு காரியம் செய்தேன். பக்தியில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் பழைய மாணவிகள் வாட்ஸப் குழுவில் யாரோ பள்ளி மணி ஓசையைப் பதிவு செய்து போட்டிருந்தார்கள். அதே விரிசல் மணி, அதே கரகர வால். என் அம்மா அதை அலைபேசிக் கடையில் கொடுத்து, என் போனில் பன்னிரண்டு மணி அலாரமாக வைத்துவிட்டிருந்தார், என்னைக் கேட்காமலே. ஒருமுறை எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அது அடித்து, தீயணைப்பு ஒத்திகையா என்று அவர்கள் கேட்டார்கள். அன்றே அதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அதை மறுபடி உயிர்ப்பித்தேன். மாதாவிடம் நேராகச் சொன்னேன்: "அம்மா, எனக்கு அழகாக வேண்டத் தெரியவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். செல்வி எங்கே? பதில் வரும்வரை இந்த அலாரத்தை நிறுத்த மாட்டேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் சரி, உங்களுக்குத் தொந்தரவாக இருந்தாலும் சரி."

அப்படியே செய்தேன். மீட்டிங்கில் அடித்தது. லைனில் அடித்தது. மேனேஜர் முகத்தைச் சுளித்தார். ஒவ்வொரு முறையும் நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன், எங்கே? வானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அரையாண்டுத் தேர்வு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. இது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அன்று நான் அவிநாசி ரோட்டில் ஒரு யூனிட்டுக்குப் போக வேண்டும். வண்டியில் ஏறின பிறகு, அங்கே துணி வரவில்லை, குன்னத்தூர்ப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போங்கள் என்று போன் வந்தது. எங்கள் கம்பெனி தைக்கக் கொடுக்கிற சின்ன இடங்களில் ஒன்று. நான் அதுவரை போனதில்லை. பிளானை மாற்றினால் முந்தின நாளே சொல்ல இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டே போனேன். பெருமாநல்லூர் தாண்டி வண்டி பஞ்சராகி அரை மணி நேரம் வெயிலில் நின்றது. அதையும் என் புகார்களில் சேர்த்துக்கொண்டேன்.

தென்னந்தோப்புக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஷெட். ஓனர் தங்கவேல் அண்ணன் வாசலுக்கே வந்தார். "வாங்க மேடம், மொதல்ல டீ குடிங்க, அளக்கறது அப்பறம் அளக்கலாமுங்க" என்றார். இரண்டு முறை மறுத்தும் டீ வந்தது. உள்ளே ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல், அதற்கு மேலே ஸ்பீக்கரில் இந்திப் பாட்டு. எல்லோரும் தலையில் துணித் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே நீலக் கோட்டு. வெள்ளைத் துணி தைப்பதால் அழுக்குப் படக் கூடாதென்று செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்கள்.

நான் அளக்க ஆரம்பித்தேன். ஒரு வேலையைத் தொடர்ந்து பல முறை அளந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். நடுவில் தடைபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிச் சில அளவுகள்தான் பாக்கி. அப்போது கரண்ட் போனது.

தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட அமைதி என்று. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டுவிட்டு நிற்கும். ஃபேன் மெதுவாகும். பாட்டு பாதி வார்த்தையில் அறுந்துவிட்டது. தோப்பில் அணில் கத்துவது கேட்டது. தங்கவேல் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஜெனரேட்டர் பேட்டரி நேத்தே படுத்துக்கிச்சுங்க மேடம்" என்றார். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். காலையிலிருந்து செய்தது அத்தனையும் வீண். ஆண்டவரே, என்னை இதற்குத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தீரா என்று உள்ளுக்குள் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் பைக்குள் அலாரம் அடித்தது.

அந்த ஷெட்டின் நிசப்தத்தில் எங்கள் பள்ளியின் விரிசல் மணி, முழுச் சத்தத்தில். டெய்லர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "மேடத்தோட ஸ்கூல் விட்டாச்சு" என்றார் ஒருவர். நான் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். சார்ஜர், டேப், டிபன் டப்பா, எல்லாம் கையில் பட்டது, போன் படவில்லை. எரிச்சலோடு தலையை நிமிர்த்தினேன்.

ஷெட்டின் கடைசியில் செக்கிங் டேபிள். கரண்ட் போனதும் அங்கிருந்த பெண்கள் டேபிள் விளிம்பில் சாய்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தாள். நூல் வெட்டும் சின்னக் கத்திரி இன்னும் விரலில் மாட்டியிருக்க, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்திருந்தாள். கண் மூடியிருந்தது. மாஸ்க்குக்குள் உதடு அசைவது தெரிந்தது.

நான் கீழே பார்த்தேன்.

வலது பாதத்தின் மேல் இடது பாதம்.

அங்கே சிமெண்ட் சுடவில்லை, பிரியமானவர்களே. நிழல் ஷெட், குளிர்ந்த தரை. ஆனாலும் அப்படித்தான் நின்றாள்.

போனைத் தேடுவதை விட்டேன். அடிக்கட்டும் என்று விட்டேன். நடந்து அவள் பக்கத்தில் போய், "செல்வி" என்றேன். கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள், இரு என்று. நான் இருந்தேன். அவள் பக்கத்தில் நின்று, பள்ளியை விட்ட பிறகு முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் அந்தச் செபத்தை நானும் முழுசாகச் சொன்னேன்.

முடித்துக் கண்ணைத் திறந்தவள், மணிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். மாஸ்க் நனைய ஆரம்பித்தது.

"எங்கடி போன?" என்றேன்.

"எங்கயும் போகலக்கா. தீபாவளிக்கு ஊர்ல அம்மா மாடிப்படியில விழுந்து கையை ஒடிச்சுக்கிச்சு. மாமா குழுவுல அம்மா எடத்துல நான் நிக்கேன். கை கூடுனதும் வந்துருவேன்."

"பள்ளிக்கூடத்துக்கு?"

"லீவுதானக்கா. சிஸ்டர்கிட்டச் சொல்லச் சொன்னேன். மாமா சொல்லிட்டேன்னாரு."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. செக்கிங் வேலையைச் சின்ன யூனிட்டுகளில் ஒரு குழுவாக எடுத்துச் செய்வார்கள். குழுவில் ஒரு கை குறைந்தால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு கை வந்து நிற்பது வழக்கம். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். செல்வியின் மாமாதான் இந்தக் குழுவுக்குத் தலைவர். அக்காவின் இடம் போய்விடக் கூடாதே என்று அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் பெரியம்மா மகள் பெயரைச் சொல்லியிருக்கிறார். படிப்பைக் கெடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கம்பெனியில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று அந்தக் குடும்பம் நினைத்துவிட்டது; அதனால்தான் மாமாவும் சிஸ்டரிடம் சொல்லாமலே சொல்லிவிட்டேன் என்றிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கம்பெனி வாசலை மட்டுமே பார்த்தவர்கள், பள்ளி வாசலுக்கும் அதே சட்டம் என்று நம்பிவிட்டார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பாண்டியம்மா மாவுக்கட்டுப் போட்ட வலது கையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒனக்குப் பயந்துதேன் தாயி. நீ வைய மாட்ட. கேள்வி கேப்ப. அதுக்கு வஞ்சுட்டாக்கூடத் தேவல."

செல்வி குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வேறொன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவள் பரீட்சையில் உட்காராவிட்டால் இந்த வருடம் போய்விடும் என்பதை மட்டும் சொன்னேன். பாண்டியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுத்தானா? கை கூடுற வரைக்கும் பொறுக்க மாட்டாகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொறுக்க மாட்டார்கள் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தங்கவேல் அண்ணனுக்கு வேறு கவலை. "ஏனுங்க மேடம், சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க. பெரிய புள்ளயாட்டம் வேலை செஞ்சுதுங்க" என்று என் பின்னாலேயே வந்தார். இனி ஆள் சேர்க்கும்போது வயதை நேரில் விசாரிக்க வேண்டும், இதை எங்கள் ஆபீசிலும் நான் சொல்லியே தீருவேன் என்றேன். சொல்லவும் செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் வந்து எல்லா யூனிட்டிலும் விசாரித்தார்கள். அண்ணனுக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம்.

அன்று மிச்சமிருந்தது ஒரே சிக்கல். செல்வி போனால் டேபிளில் ஒரு கை குறையும். பாண்டியம்மாவின் இடம் போகும். அதனாலேயே அவர்களால் "கூட்டிப் போ" என்று சொல்ல முடியவில்லை.

கரண்ட் இன்னும் வரவில்லை. நான் செக்கிங் டேபிளுக்குப் போனேன். ஸ்டாப்வாட்சோடு நிற்கிற மேடம் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்று அதைப் பைக்குள் போட்டுவிட்டு, யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் துணியை எடுப்பது, திருப்புவது, பார்ப்பது, வெட்டுவது, சைஸ் பிரித்து அடுக்குவது. அடுக்குவதற்காக ஒவ்வொரு முறையும் இடத்தை விட்டு நடந்து போவது. அந்த நடையில்தான் நேரம் கரைந்தது. அடுக்குகிற வேலையை மட்டும் ஒருவருக்குக் கொடுத்து, டேபிளின் முடிவில் உட்கார வைத்தால் மற்றவர்கள் நகரவே வேண்டியதில்லை. அதற்கு ஒரு கை போதும்.

"எடது கையில அடுக்குவீங்களா?" என்று பின்னாலேயே வந்திருந்த பாண்டியம்மாவைக் கேட்டேன்.

"அடுக்குவேன் தாயி."

குழுவில் மூத்தவர் சேவூர்க்காரம்மா ஒருவர். மாஸ்க்கை இறக்கிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்வியின் விரலிலிருந்து அந்தக் கத்திரியைக் கழற்றினார். "போ கண்ணு. ஊட்டுக்குப் போயி பொஸ்தகத்த எடு. இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார். அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வியின் மாமா தலையாட்டினார். அவருக்கு வேறு வழி இல்லை.

அப்போது கரண்ட் வந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அங்கிருந்தே சிஸ்டர் பெனடிக்டாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பிளான் மாறியது, பஞ்சர், கரண்ட் போனது, அலாரம். வண்டி பஞ்சராகாமல் இருந்திருந்தால் பன்னிரண்டுக்கு முன்பே அளந்து முடித்துக் கிளம்பியிருப்பேன். கரண்ட் இருந்திருந்தால் அந்த இரைச்சலில் மணி யாருக்கும் கேட்டிருக்காது. சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. அன்று காலையிலிருந்து நான் அலுத்துக்கொண்ட ஒவ்வொன்றும் என்னை ஒரு அடி அவள் பக்கம் நகர்த்தியிருக்கிறது. நான் நிறுத்தி வைத்திருந்த மணியும், வெறுத்த அந்தச் சுடு வராந்தாவும்கூட.

சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "சரி. திங்கட்கிழமை ரெட்டைச் சடை போட்டு ஒழுங்கா ரிப்பன் கட்டி அனுப்பு. அவ கட்டவே மாட்டா" என்றார். ஜெபம் பண்ணச் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லாமலே அது எனக்குக் கேட்டது.

அம்மா மட்டும் அந்தோணியாருக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தார். மாதாவிடம்தானே கேட்டேன் என்றேன். அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க என்றார்.

பரீட்சை முடியும் வரை செல்வி எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். அரையாண்டில் பாதிப் பாடம் தெரியாமல் எழுதினாள். பொதுத்தேர்வில் அப்படி எழுதவில்லை. பாண்டியம்மாவின் கை கூடியது. இன்றும் அவர் டேபிள் முடிவில் உட்கார்ந்து அடுக்குகிறார், இப்போது இரண்டு கையாலும். செல்வி இந்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

நான் மாறினேனா என்று கேட்டால், முழுக்க இல்லை. இன்னும் எரிச்சல் வருகிறது. ஆனால் காரியம் கெடும்போது, இது எங்கே கொண்டுபோய் விடப் போகிறதோ என்று ஒரு நொடி நின்று பார்க்கப் பழகியிருக்கிறேன். பன்னிரண்டுக்கு என் போன் அடிக்கிறது. லைனில் இருந்தால் லைனில் நிற்கிறேன். பீகாரிலிருந்து வந்த ஒரு டெய்லர் பெண், மேடம் எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அரைகுறை இந்தியில் சொன்னேன். அவளும் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். யாரை நினைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. கேள்விகளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்கும் திறக்காத ஒரு கதவு இருக்கும். அதன் முன் நின்று நின்று சலித்திருப்பீர்கள். அழகான வார்த்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சலிப்போடே போங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். நம் ஆண்டவர் அதற்கெல்லாம் மனம் நோகிறவர் இல்லை. அவர் தாயும் மனம் நோக மாட்டார். ஆனால் கேட்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மணியை அணைத்து வைக்காதீர்கள். அது யார் காதில் விழ வேண்டுமோ, அவர் நீங்கள் பார்க்காத ஒரு டேபிளின் கடைசியில் நின்றுகொண்டிருக்கலாம்.

கல்லூரியில் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு நடக்கும், எழுந்து நிற்க முடியாது என்று செல்வி வருத்தப்பட்டாள். பரவாயில்லை, மனதுக்குள் சொல் என்றேன். மறுநாள் சரியாகப் பன்னிரண்டு அடித்து முடிந்ததும் என் போனுக்கு ஒரு படம் வந்தது. பெஞ்சுக்கு அடியில், செருப்பைக் கழற்றிவிட்டு, வலது பாதத்தின் மேல் இடது பாதம்.

வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்று அவளைத் திட்டினேன். பிறகு அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன்.